சீட்டுப் பணம் 3 லட்சத்தையும் வீட்டுக் கடனில் போட்டுவிடலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். திருச்சியில் வீடு. 2021 அக்டோபரில் 30 லட்சம் கடன், 20 வருஷம், அன்றைக்கு வட்டி 7 சதவீதம், மாதத் தவணை 23,259 ரூபாய். ஐம்பத்தோரு தவணை கட்டியாகிவிட்டது, கூட்டினால் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் 2026 ஜனவரி ஸ்டேட்மென்டில் அசல் பாக்கி 29 லட்சத்து 20 ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. வீட்டுக்காரர் தனியார் கம்பெனி, நீங்கள் தனியார் பள்ளி, இருவர் சம்பளமும் சேர்ந்து 70,000. மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு, மாமியார் உங்களோடு. போன ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்த நகை 80,000 ரூபாய்க்கு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. மாதம் 9,000 வீதம் கட்டி வந்த சீட்டு முடிந்து 3 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. வீட்டுக்காரர் அதை அப்படியே வீட்டுக் கடனில் போடச் சொல்கிறார், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. வங்கி ஏமாற்றுகிறதோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

கேள்வி "முன்கூட்டியே அடைக்கலாமா" என்று இருந்தாலும், உங்களை உறுத்துவது வேறு: இந்தப் பணம் போய்விட்டால் அடுத்த அவசரத்துக்கு எங்கே போய் நிற்பது. அந்தப் பயம் நியாயமானது. வங்கியில் வீட்டுக் கடன், நகைக் கடன் இரண்டு மேசையிலும் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் வரி ஆலோசகன் இல்லை, உங்கள் கடன் ஒப்பந்தத்தைப் பார்க்கவும் இல்லை. கீழே வரும் கணக்கெல்லாம் நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் போட்டவை, ஒன்றிரண்டு மாதம் முன்பின் இருக்கலாம்.

ஏமாற்று வேலை நடக்கவில்லை, அதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். நடந்தது வட்டி ஏற்றம். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு (வங்கிகளுக்குக் கடன் கொடுக்க அது வாங்கும் வட்டி), கட்டப்பட்டவை. நீங்கள் கடன் வாங்கியபோது ரெப்போ 4 சதவீதம். உங்களுக்கு 7 சதவீதம் என்றால் அதற்கு மேல் வங்கி வைத்த கூடுதல், அதாவது ஸ்ப்ரெட், 3 சதவீதம். 2022 மே மாதம் ரெப்போ ஏற ஆரம்பித்தது, 2023 பிப்ரவரியில் 6.5-க்குப் போய்விட்டது. உங்கள் வட்டி 9.5 ஆனது. ஆனால் தவணை அதே 23,259-லேயே நின்றது. அப்போது உங்கள் பாக்கி 29 லட்சத்து 35 ஆயிரம் அளவில் இருந்திருக்கும். அதற்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே ஏறக்குறைய 23,237 ரூபாய். மிச்சம் இருபது, முப்பது ரூபாய்தான் அசலில் போயிருக்கிறது! 2023 ஏப்ரலிலிருந்து 2025 தொடக்கம் வரை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது. நீங்கள் கட்டியது எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

தவணையை ஏற்றினால் வாடிக்கையாளர் திணறுவார், அதனால் காலத்தை நீட்டிவிடுவது என்று வங்கிகள் செய்தன. பல பேருக்கு அது தெரியவே இல்லை. இந்தப் புகார் நாடு முழுக்க எழுந்த பிறகுதான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் பகுதியாகவோ முழுசாகவோ அடைக்க விட வேண்டும், காலம் நீள்வதால் வட்டிக்கே தவணை போதாத நிலை வரக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் தவணை வட்டியை மயிரிழையில் தாண்டி நின்றிருக்கிறது. அந்த சமயத்தில் உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸோ கடிதமோ வந்திருக்க வேண்டும். வந்து பார்க்காமல் விட்டீர்களா, வரவே இல்லையா என்பதை இப்போது தோண்ட வேண்டாம். இன்றைய நிலைமைக்கு வருவோம்.

2025-ல் ரெப்போ நான்கு முறை இறங்கி டிசம்பரில் 5.25 ஆனது. அந்தக் கணக்கில் உங்கள் வட்டி 8.25-க்கு வந்திருக்க வேண்டும், ஸ்டேட்மென்டில் சரிபாருங்கள். 29.2 லட்சம், 8.25 சதவீதம், தவணை 23,259 என்று வைத்தால் இன்னும் 24 வருஷம் 2 மாதம் ஓடும். 2041-ல் முடிய வேண்டிய கடன் 2050-க்குப் போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் எண் இதுதான் என்று தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

முதல் அடிக்குப் பணமே தேவையில்லை, ஒரு மனு போதும். உங்களுக்கு இருக்கும் 3 சதவீத ஸ்ப்ரெட் இன்றைக்கு அதிகம். நல்ல சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) உள்ள புது வாடிக்கையாளருக்குப் பொதுத்துறை வங்கிகளில் 7.5 சதவீத அளவிலேயே வீட்டுக் கடன் கிடைக்கிறது. பழைய வாடிக்கையாளருக்கு அதைத் தானாக யாரும் கொடுக்க மாட்டார்கள், கேட்க வேண்டும். உங்கள் கிளையில் போய் "ஸ்ப்ரெட்டைக் குறைத்துத் தாருங்கள், இல்லாவிட்டால் கடனை வேறு வங்கிக்கு மாற்றும் யோசனையில் இருக்கிறோம்" என்று எழுத்தில் கொடுங்கள். இதற்கு ஒரு மாற்றுக் கட்டணம் வாங்குவார்கள், வங்கிக்கு வங்கி அது மாறும். 8.25 என்பது 7.5 ஆனால், அதே 23,259 தவணையில், கூடுதலாக ஒரு ரூபாய் கட்டாமலேயே மூன்றரை வருஷத்துக்கு மேல் குறைகிறது. கொடுப்பார்களா என்பது வங்கியின் இஷ்டம், அதில் உறுதி இல்லை. ஆனால் ஒழுங்காகத் தவணை கட்டிய கணக்கு கைவிட்டுப் போவதை எந்தக் கிளை மேலாளரும் விரும்ப மாட்டார். மறுத்தால் மட்டும் வேறு வங்கிக்கு மாற்றுவதை யோசியுங்கள். மாற்றினால் புது வங்கிக்குச் சட்டக் கருத்து, மதிப்பீடு, ப்ராசஸிங் கட்டணம், அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று செலவு இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி, வட்டியில் மிச்சமாவதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இறங்குங்கள்.

இனி 3 லட்சம். வீட்டுக்காரர் சொல்வதில் கணக்குப்படி தப்பே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 3 லட்சத்தையும் இன்றே அசலில் போட்டால் 24 வருஷம் 18 வருஷமாகிவிடும். எண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் வீட்டுக் கடனில் போட்ட பணம் ஒரு வழியில்தான் போகும். சாதாரணக் கடனில் அதைத் திரும்ப எடுக்க முடியாது. டாப்-அப், அதாவது அதே வீட்டின் மேல் கூடுதல் கடன், கேட்கலாம், அதற்கும் சம்பளச் சான்று, சிபில், ஒப்புதல் எல்லாம் மறுபடி வேண்டும். வேலை போன மாதத்தில் டாப்-அப் கேட்டால் கிடைக்காது, அவசரம் வருவதோ அந்த மாதத்தில்தான். அதோடு, இந்த மாதம் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினோமே, அடுத்த மாதத் தவணையை விட்டுவிடலாம் என்றும் முடியாது. அடுத்த தவணை தேதியன்று கணக்கில் பணம் இல்லை என்றால் தவணையைத் தானாக எடுக்கும் ஈசிஎஸ் திரும்பும், அபராதம் விழும், சிபிலிலும் ஏறும்.

நகைக் கடன் மேசையில் நான் வருஷா வருஷம் பார்த்த காட்சி ஒன்று உண்டு. மார்ச் கடைசியில் ஒருவர் வீட்டுக் கடன் கவுண்டரில் ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ அசலில் கட்டிவிட்டு முகமெல்லாம் சிரிப்போடு ரசீது வாங்கிப் போவார். ஜூன் முதல் வாரம் அவர் மனைவி சுருக்குப் பையில் வளையலும் ஆரமுமாக என் எதிரில் உட்கார்ந்திருப்பார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, கல் வைத்த தோட்டைக் கழித்து ஒரு தொகை சொல்வார். "கொஞ்சம் கூடக் கிடைக்காதா சார், வேன் ஃபீஸும் இருக்கு" என்று அந்த அம்மா கேட்பார். 8 சொச்சம் வட்டியில் இருந்த கடனை அடைத்துவிட்டு, அதைவிடக் கூடுதல் வட்டிக்கு நகையை வைக்கும் கணக்கு இது. அவசரத்தில் தனியார் அடகுக் கடைக்குப் போனால் வட்டி இன்னும் எங்கேயோ போகும். முன்கூட்டி அடைக்கப் பார்க்கும் குடும்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்கள் வீட்டிலும் போன ஜூனில் நகை வைக்க வேண்டி வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் நான் பிரிப்பது இப்படி. முதலில் 80,000 கொடுத்து நகையை மீட்டுவிடுங்கள், அதற்குச் சேர்ந்த வட்டியையும் கட்டி. வீட்டுக் கடனைவிட வட்டி கூடுதலான கடன் வீட்டில் ஒன்று இருக்கும்போது அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும், கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதற்கும் முன்னால். மீட்ட நகை பீரோவில் இருப்பதே ஒரு பாதுகாப்பு. அடுத்து 1,20,000-ஐ இரண்டு வைப்புத் தொகையாகப் பிரித்து, இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி போடுங்கள். உங்கள் வீட்டுச் செலவும் தவணையும் சேர்ந்து மாதம் 60,000 அளவுக்கு வருகிறது, ஆக இது இரண்டு மாதத்துக்கு வரும். மூன்று மாதம் இருந்தால் எனக்கு இன்னும் நிம்மதி, ஆனால் இரண்டு சம்பளம் வரும் வீடு, நகையும் கையில் வந்துவிட்டது, பரவாயில்லை. மிச்சம் ஒரு லட்சம் வீட்டுக் கடனுக்கு. அந்த ஒரு லட்சமே 28 தவணையைக் குறைக்கும்.

ஆனால் உண்மையில் உங்கள் கையில் வந்திருக்கும் பெரிய விஷயம் அந்த 3 லட்சம் இல்லை, மாதம் மாதம் மிஞ்சப்போகும் 9,000. சீட்டு கட்டியே பழகிய குடும்பம் நீங்கள், அந்தத் தொகை இல்லாமல் வாழவும் பழகிவிட்டீர்கள். இதை வீட்டுச் செலவில் கரைய விட்டால் மூன்றே மாதத்தில் எங்கே போனது என்று தெரியாது. 6,000-க்கு ஒரு ஆர்.டி. போடுங்கள், அது பள்ளிக் கட்டணம், தீபாவளி, வண்டி இன்சூரன்ஸ், மொய் போன்ற வருஷச் செலவுக்கு மட்டும். 3,000 வீட்டுக் கடனில் கூடுதலாக. ஒரு சிக்கல் இருக்கிறது: பிப்ரவரியில் தொடங்கினால் ஜூனுக்குள் ஐந்து மாதம்தான், 6,000 வீதம் 30,000-தான் சேரும், உங்களுக்குத் தேவை 80,000. அதனால் முதல் ஜூன் வரை 9,000-ஐயும் பள்ளிக்கே ஒதுக்குங்கள், 45,000 சேரும், மிச்சத்தை டேர்ம் வாரியாகக் கட்ட அனுமதி கேளுங்கள். வீட்டுக் கடனுக்கான 3,000 ஜூலையில் ஆரம்பிக்கட்டும். ஐந்து மாதம் தள்ளிப் போவதால் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது. நகை மறுபடி வங்கிக்குப் போகாமல் இருப்பது அதைவிட முக்கியம். தனியார் பள்ளி என்கிறீர்கள், மே மாதச் சம்பளம் வருமா வராதா என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் தொகை கட்டும் தேதி சம்பளம் வந்த மறுநாளாக இருக்கட்டும். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கட்டுகிறேன் என்று தொடங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், தொடர்ந்தவர்கள் குறைவு. காய்ச்சல், கல்யாணம், கேஸ் சிலிண்டர் என்று ஏதாவது ஒன்று அதை எடுத்துக்கொள்ளும்.

ஒரு லட்சம் இப்போது, மாதம் 3,000 கூடுதல் என்று மட்டும் செய்தால் கடன் 16 வருஷம் 4 மாதத்தில் முடியும். 24-லிருந்து 16. இதுவே 3 லட்சத்தையும் ஒரே தடவை போட்டுவிட்டு மாதம் எதுவும் கூடுதலாகக் கட்டாமல் இருப்பதைவிட நல்ல பலன், வீட்டுக்காரரிடம் இந்த ஒப்பீட்டைக் காட்டுங்கள். இதற்கு மேல் இன்னொரு பழக்கத்தைச் சேர்த்தால் விஷயமே மாறிவிடும்: வருஷா வருஷம் சம்பளம் ஏறும்போது மொத்தத் தவணையையும் 5 சதவீதம் ஏற்றுவது. முதல் வருஷம் 26,259, அடுத்த வருஷம் 27,572, இப்படி. 8.25 வட்டியிலேயே 11 வருஷத்தில் கடன் முடிந்துவிடும். 7.5 கிடைத்தால் பத்தரை வருஷம். கடைசி வருஷத்தில் மாதம் 42,700 அளவுக்குக் கட்ட வேண்டியிருக்கும், அது இப்போது மலைப்பாகத் தெரியும், ஆனால் அது 2036 சம்பளத்தில் கட்டுவது. எல்லா வருஷமும் 5 சதவீதம் ஏற்ற முடியும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சம்பளம் ஏறாத வருஷம் ஏற்றாதீர்கள், அவ்வளவுதான்.

ஏற்ற முடியாத வருஷங்கள் எவை என்று ஓரளவு இப்போதே தெரியும். மகள் 2032-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பாள். இந்தத் திட்டம் சரியாகப் போனால் அப்போது கடன் பாக்கி 19 லட்சம் அளவில் இருக்கும். அந்த நேரத்தில் கையில் இருப்பதையெல்லாம் வீட்டுக் கடனில் போட்டுவிட்டு அவள் படிப்புக்குக் கல்விக் கடன் வாங்குவது பல வீடுகளில் நடக்கிறது. கல்விக் கடன் வட்டி பொதுவாக வீட்டுக் கடனைவிடக் கூடுதல். ஆக 2029, 2030 வாக்கில் ஏற்றும் தொகையை வீட்டுக் கடனில் போடாமல் படிப்புக்கென்று தனியே சேர்ப்பது சரியாக இருக்கலாம். வீட்டுக் கடன் ஒரு வருஷம், இரண்டு வருஷம் நீண்டால் நீளட்டும்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் "முதல் சில வருஷத்திலேயே வட்டியை எல்லாம் எடுத்துவிடுவார்கள், பிற்பாடு அடைப்பதில் பயனில்லை" என்று எழுதியிருந்தார். இது பரவலான நம்பிக்கை, ஆனால் சரியில்லை. வட்டி எப்போதும் அன்றைக்கு உள்ள அசல் பாக்கிக்குத்தான் போடப்படுகிறது. தொடக்கத்தில் பாக்கி அதிகம், அதனால் வட்டி அதிகம். நீங்கள் எந்த வருஷம் அடைத்தாலும், அடைத்த தொகைக்கு அன்றைய வட்டி விகிதம் மிச்சமாகும், ஒரு நாளும் அதைவிடக் குறையவும் செய்யாது, அதிகமாகவும் ஆகாது. சீக்கிரம் அடைத்தால் அந்த மிச்சம் நிறைய வருஷத்துக்குச் சேரும், அதுதான் வித்தியாசம். "இத்தனை லட்சம் மிச்சம்" என்று வரும் பெரிய எண்களை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 20 வருஷம் கழித்து மிச்சமாகும் ஒரு லட்சத்தின் மதிப்பு இன்றைய ஒரு லட்சம் இல்லை.

அப்படியானால் அடைப்பதற்குப் பதில் வேறு எதிலாவது போடலாமா என்றால், 8.25 சதவீதம் வரியில்லாமல், ஆபத்தில்லாமல் தரும் இடம் வேண்டும். வங்கி வைப்புத் தொகை தராது. பி.எஃப். தருகிறது, 2024-25-க்கு 8.25 சதவீதம். ஆகவே பி.எஃப்.-ஐ எடுத்து வீட்டுக் கடனை அடைப்பதில் உங்களுக்கு வட்டியில் லாபம் ஏதும் இல்லை, முதுமைக்கான பணம்தான் குறையும். வேண்டாம். மகளுக்குச் செல்வமகள் கணக்கு ஏற்கெனவே இருந்தால் அதை நிறுத்தாமல் தொடருங்கள், அதுவும் 8.2 சதவீதம் தந்துகொண்டிருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் இதைவிட அதிகம் வரும் என்பவர்கள் சொல்வது நீண்ட காலத்தில் நடக்கலாம், ஆனால் அதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது, அடைப்பதில் கிடைப்பது உறுதியான மிச்சம். சந்தை 20 சதவீதம் விழுந்த மாதத்தில் தூங்க முடிகிறவர்களுக்கு அந்த வழி சரி. உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் அது உங்கள் வீட்டுக்கு இப்போதைக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

"வரிச் சலுகை போய்விடுமே" என்ற கவலையும் வேண்டாம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரி முறையில்தான். புதிய முறையில் அது கிடையாது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை, சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவோடு 12.75 லட்சம் வரை, வரியே இல்லை. உங்கள் இருவர் சம்பளமும் அந்த எல்லைக்கு வெகு கீழே. வரி கட்டாதவருக்கு வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

முன்கூட்டி அடைக்க அபராதம் கேட்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். தனிநபருக்கான மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு 2012 முதலே வங்கிகள் அப்படிக் கட்டணம் வாங்கக் கூடாது. நிலையான வட்டிக் கடனாக இருந்தால் கட்டணம் இருக்கலாம், உங்களுடையது அப்படி இல்லை. யாராவது கேட்டால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கூடுதல் தொகையைக் கடன் கணக்குக்கு அனுப்பினால் சில வங்கிகளில் அன்றே அசலில் குறையும். சில இடங்களில் அதை முன்பணத் தவணையாக எடுத்து வைத்துவிடுவார்கள், அசல் குறையாது. சில இடங்களில் ஒரு தவணை அளவாவது இருந்தால்தான் ஏற்பார்கள். உங்கள் வங்கி மூன்றாவது வகை என்றால் மாதம் 3,000-ஐத் தனிக் கணக்கில் சேர்த்து, சேர்ந்ததும் மொத்தமாகக் கட்டுங்கள், வித்தியாசம் சொற்பம்தான். அடைத்த பிறகு தவணையைக் குறைப்பதா காலத்தைக் குறைப்பதா என்று கேட்பார்கள், கேட்காமல் தாங்களாகவே தவணையைக் குறைத்துவிடுவதும் உண்டு. காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் கம்பெனியில் ஆள் குறைப்புப் பேச்சு இருக்கிறது என்றால் மட்டும் தவணையைக் குறைத்துக்கொண்டு, பழைய தொகையையே நீங்களாகக் கட்டி வரலாம். பலன் ஒன்றுதான், கஷ்டம் வரும் மாதத்தில் குறைந்த தவணை மட்டும் கட்டும் வசதி இருக்கும். அதற்குக் கட்டுப்பாடு வேண்டும், அது உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைசித் தவணை வரை விடாமல் சீட்டு கட்டி எடுத்தவர்கள் நீங்கள், இருக்கும் என்றே தோன்றுகிறது.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கடன் வாங்கும்போது ஒரு பாலிசியைச் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு, யார் பெயரில் என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரர் பெயரில் கடன் பாக்கிக்குக் குறையாத டேர்ம் பாலிசி ஒன்று எடுத்துவிட்டு அப்புறம் அடைக்கத் தொடங்குங்கள். நீங்களும் கூட்டுக் கடன்தாரர் என்றால், அவருக்கு ஏதாவது ஆனால் அந்தத் தவணை உங்கள் ஒரு சம்பளத்தின் மேல் விழும்.

கடன் முழுசாக முடியும் நாள் தூரத்தில் இருந்தாலும் ஒரு வரி தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, அடமானப் பதிவையும் நீக்க வேண்டும், தங்கள் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. தமிழ்நாட்டில் எம்.ஓ.டி. பதிவாகியிருப்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணமும் பதிய வேண்டும், பிறகு வில்லங்கச் சான்று போட்டு அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரே ஒரு மனுதான். அதில் மூன்று விஷயம் எழுதுங்கள்: என் கடனின் இன்றைய வட்டி, அதில் ஸ்ப்ரெட் எவ்வளவு, மீதமுள்ள தவணைகள் எத்தனை என்று எழுத்தில் தெரிவிக்கவும், ஸ்ப்ரெட்டைக் குறைக்கவும், நாங்கள் கட்டும் ஒரு லட்சத்தை அசலில் வரவு வைத்து, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைத்து, புதிய அட்டவணை தரவும். கூட்டுக் கடன் என்றால் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள், சனிக்கிழமை போவதாக இருந்தால் இரண்டாவது, நான்காவது சனி வங்கி விடுமுறை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். பதில் வந்ததும் அந்த மூன்று எண்களை இங்கே போடுங்கள், கணக்கைச் சரியாகத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.